செல்வி தேர்ந்தெடுத்த அறை

1

போன வாரம் எங்கள் மகன் இனியனுக்கு மூன்று வயது நிறைந்தது. அதே வாரத்தில் ரூத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டொரண்டோவில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் வங்கியோ வரி அலுவலகமோ அனுப்புபவை. இதில் கையால் முகவரி எழுதியிருந்தது. இனியன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் ரூத். அவர் ஓய்வு பெறுகிறாராம். தான் பிரசவம் பார்த்த குடும்பங்கள் சில வரிகள் எழுதித் தந்தால் ஒரு ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்வேன், எந்த மொழியில் எழுதினாலும் சரி என்று கேட்டிருந்தார்.

ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அந்த மூன்று வரியும் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருந்தன. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது ரூத்துக்கான கடிதமாக இல்லாமல் ஊரில் இருப்பவர்களுக்கான பதிலாக மாறிவிட்டது. ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்: அவ்வளவு பெரிய ஊரில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரி இல்லாத இடத்திலா பிள்ளை பெற்றீர்கள்? மூன்று வருடமாக அதற்குச் சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2

என் பெயர் பாபு. திருப்புலிவனத்துக்காரன். கனடாவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் உத்திரமேரூர்ப் பக்கம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தேன். ஓட்டுநர் முன்னால் இருப்பார். நோயாளியோடு பின்னால் இருப்பது நான். பாம்புக்கடி, பூச்சிமருந்து, பைக் விபத்து எல்லாம் வரும். ஆனால் அடிக்கடி வருவது பிரசவ வலிதான். சில குழந்தைகள் ஆஸ்பத்திரி வரும்வரை பொறுக்காது. வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது என் கையில் விழுந்த பிள்ளைகள் இன்று அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை குழந்தை நன்றாகப் பிறந்து, அழுது, தாயும் சிரித்த பிறகு ரத்தப்போக்கு தொடங்கியது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பிரசவம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது குழந்தையின் அழுகை இல்லை, கடிகாரம்தான்.

எங்கள் மூத்த மகள் ஜனனி பிறந்தது ஊர்ப்பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். வாட்ச்மேன் முதல் நர்ஸ் வரை அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆம்புலன்ஸ் சார் வீட்டம்மா என்று நன்றாகக் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். செல்வியை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றேன். என்னையும் சேர்த்து யாரையும் உள்ளே விடவில்லை. அதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஜனனி பிறந்ததும் காஞ்சிபுரத்திலிருந்து இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். பிரசவ அறை நர்ஸுக்கு ஒரு பெட்டி தனியாக.

கனடாவுக்கு மாணவனாக வந்து, படிப்பு முடித்து, செல்வியையும் ஜனனியையும் அழைத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. என் ஆம்புலன்ஸ் சான்றிதழை இங்கே ஓர் அலுவலகத்தில் காட்டினேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகான தாள் என்றாள். அதன்பிறகு அதை எங்கும் காட்டவில்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

3

இரண்டாவது முறை செல்வி கருவுற்றபோது ஜனனிக்கு ஏழு வயது. நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றை மனதில் முடிவு செய்துவைத்திருந்தேன். பத்து மாடி, எந்நேரமும் மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி, எல்லாம் ஒரே கட்டடத்தில்.

செல்வி வேறு ஒன்றைச் சொன்னாள். எங்கள் அடுக்குமாடியில் துணி துவைக்கும் அறையில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், தன் இரண்டு பிள்ளைகளையும் நகரின் நடுவே இருக்கும் ஒரு பிரசவ இல்லத்தில் பெற்றாராம். அங்கே டாக்டர் கிடையாது. மருத்துவச்சிகள்தான். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து உரிமம் பெற்றவர்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அவர்களே பார்ப்பார்கள்.

“டாக்டர் இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்குப் போவணும்?” என்று கேட்டேன்.

செல்வி அந்த அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே திருப்பிச் சொன்னாள். “கேட்டுப்போட்டுத்தான் தொடுவினமாம்.”

கேட்ட பிறகுதான் தொடுவார்களாம். புள்ளலூர்க்காரி வாயில் யாழ்ப்பாணத் தமிழ் வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பார்த்துவிட்டுத்தான் வருவோமே என்று போன் செய்தேன். எடுத்த பெண் முதலில் கேட்ட கேள்வி, ‘எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்’ என்று என் காதில் விழுந்தது. இரண்டு பஸ், ஐம்பது நிமிடம் என்றேன்.  அவள் மெதுவாக, வாரக் கணக்கில் சொல்ல முடியுமா என்றாள். கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம்.

அடுத்தது படிவம். அதில் குடும்பப்பெயர் வேண்டும். நமக்கேது குடும்பப்பெயர்? கடவுச்சீட்டு எடுத்தபோது செல்வியின் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டோம். அதனால் கனடா அரசாங்கத்தின் எல்லா அலுவலகங்களிலும் என் மனைவி திருமதி ஏகாம்பரம். காத்திருக்கும் அறைகளில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் தன் அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

இதற்கிடையில் ஜனனி ஒரு காரியம் செய்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசும்போது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் கொட்டுவாள். வீடியோ அழைப்பில் என் அம்மா, யார் பிரசவம் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். மிட்வைஃப் என்பதற்குத் தமிழ்ச் சொல் தெரியாமல், அவளே பிரித்துப் பொருள் கண்டுபிடித்து, “அப்பாவோட நடுப் பொண்டாட்டி” என்று சொல்லிவிட்டாள். என் அம்மா போனை வைத்துவிட்டு என் அண்ணனை வயலிலிருந்து வரவழைத்தார். அன்று மாலை ஒரு மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கம் புரிந்த பிறகு அம்மாவின் கவலை இன்னும் கூடிற்று.

“மருத்துவச்சியா? இன்னா நைனா, இங்கயே இப்ப எல்லாரும் ஆசுபத்திரிக்குப் போறாங்க. நீ பிளேன் ஏறிப் போயி மருத்துவச்சிகிட்ட காட்றியா?”

எனக்கும் அதே கேள்விதான். அம்மா சார்பில் செல்வியிடம் கேட்டுப் பார்த்தேன். போய்ப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றாள்.

4

அந்த இல்லம் வெளியிலிருந்து பார்க்க நூலகம் மாதிரி இருந்தது. ரூத் எங்களை வரவேற்றார். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த குட்டை முடி, ஆண்பிள்ளைக் கைகள். கனடாவின் கிழக்கே கடலுக்கு நடுவே இருக்கும் ஒரு தீவில் மீன்பிடி கிராமத்தில் பிறந்தவராம். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் தன் ஆங்கிலத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்லி அவரே சிரித்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று என் மனைவியிடம் கேட்டார். செல்வி தன் பெயரைச் சொன்னாள். ரூத் அதை நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜனனியை ஒரு பயிற்சி மாணவி விளையாட்டு மூலைக்கு அழைத்துப் போனாள். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிடட்டுமா என்று ரூத் கேட்டார். நான் இருக்கிறேனே, எதற்கு என்றேன். ரூத் என்னைப் பார்க்காமல் செல்வியைப் பார்த்தார். அவரே போதும் என்று செல்வி தலையசைத்தாள்.

முதல் பிரசவம் எப்படி இருந்தது என்று ரூத் கேட்டார். இதற்கு நானே பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். சாதாரணப் பிரசவம், சிக்கல் இல்லை, மூன்று கிலோ. ரூத் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, செல்விக்கு எப்படி இருந்தது என்று மறுபடியும் கேட்டார்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். தனியாக விட்டார்கள். வலி வந்தது. அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன், கூப்பிடவில்லை. காலைக் கட்டினார்கள். சொல்லாமலே கத்தி வைத்தார்கள். பிறகு தையல் போட்டார்கள்; மரத்துப்போகும் ஊசி சரியாக ஏறவில்லை, வலிக்கிறது என்றேன்; சும்மா இரு என்றார்கள்.

ஏழு வருடத்தில் இதில் ஒரு வாக்கியம்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. இப்போது ஒவ்வொன்றையும் முதல்முறையாகக் கேட்டு, கேட்ட கையோடு இன்னொரு மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தி யோசிக்க எனக்கு இடமில்லை.

அப்புறம் செல்வி சொன்னாள்: “நான் கத்தனேன். அந்த நர்சு தொடையில பளார்னு ஒண்ணு வெச்சா. அப்ப மட்டும் சொகமா இருந்துதா, இப்ப இன்னாத்துக்குக் கத்தறேன்னு கேட்டா. சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க.”

என் வாய் நின்றுபோனது. எந்த நர்ஸ் என்று எனக்குத் தெரியும். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சார் நல்லாயிருக்கணும் என்று சொன்னவள். ரூத் காத்திருந்தார். அந்த நர்ஸ் கொஞ்சம் கண்டிப்பாக நடந்துகொண்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

செல்வி தலை நிமிர்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, புரியும் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

“நான் அப்டி சொல்லலியே. அடிச்சாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்கன்னு சொன்னேன். அதச் சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ரூத் பேனாவை மூடி வைத்தார். உங்களுக்கு அது நடந்திருக்கக் கூடாது என்று செல்வியிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு எங்களை எழுப்பி அறையைக் காட்டக் கூட்டிப்போனார். வீட்டுக் கட்டில் போல அகலமான கட்டில், பெரிய தொட்டி, ஜன்னல். காலைக் கட்டுவதற்கு எதுவும் இல்லை. செல்வி நேராகக் கதவுக்குப் போனாள். சாத்தினாள். உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள்.

“உள்ளேர்ந்து தாப்பா கீதுங்க” என்றாள்.

5

 வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜனனி பயிற்சி மாணவியிடம் கற்றுக்கொண்ட ஒரு பாட்டை ஆங்கிலத்தில் பாடிக்கொண்டு வந்தாள்.

இதோடு நான் மனம் மாறிவிட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். மாறவில்லை. அவள் பட்டது மனதை அறுத்தது உண்மை. ஆனால் என் கண்ணில் இன்னொரு பெண்ணும் இருந்தாள், ஓடும் வண்டியில் நிறம் வெளுத்துக்கொண்டே போனவள். மரியாதையாக நடத்தி என்ன பிரயோஜனம், உயிர் போனால்? இரண்டு நாள் கழித்து செல்வியிடம் இதைச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். அவள் கோபப்படவில்லை.

“உங்க பயம் எனக்குப் புரியுது. போயி அந்தம்மாவ எல்லாத்தயும் கேளுங்க. பதில் சரியில்லன்னா நீங்க சொல்ற ஆசுபத்திரிக்கே வரேன்.”

பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு தனியாகப் போனேன். முதலிலேயே நான் முன்பு என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னேன். இந்த நாட்டில் அதைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் ரூத். ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அலமாரியைத் திறந்து காட்டினார். என் வண்டியில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அதே கருப்பையைச் சுருக்கும் ஊசி, அதற்கு மேல் இன்னும் மூன்று வகை மருந்து, ஆக்சிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை. பிரசவத்தின்போது எப்போதும் இரண்டு மருத்துவச்சிகள் இருப்பார்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ எட்டிப் பார்த்தாலும் இங்கே வைத்துக்கொள்ள மாட்டோம், அப்போது ஆஸ்பத்திரிதான், அங்கேயும் நான் கூடவே வருவேன் என்றார்.

கடைசிக் கேள்வி, என் மனைவிக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்ல முடியுமா என்பது. நிச்சயம் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

முடியாது என்றார் ரூத். இங்கேயும் சொல்ல முடியாது, அந்தப் பத்து மாடிக் கட்டடத்திலும் யாரும் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருப்பேன், தாமதிக்க மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். இந்த மூன்றைத்தான் சொல்ல முடியும் என்றார்.

எனக்கு உறுதி கொடுத்த டாக்டர்கள் நிறையப் பேரைத் தெரியும். முடியாது என்று சொன்ன இவரிடம்தான் நம்பிக்கை வந்தது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, சாலை நெரிசலாக இருக்கும் நேரம் பார்த்து, நண்பனின் காரில் அந்த இல்லத்திலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். உத்திரமேரூர்ச் சாலையில் நான் பார்த்த எந்த ஒன்பது நிமிடத்தையும்விட நல்ல ஒன்பது நிமிடம். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சரி என்றேன். அவள் அடுப்பிலிருந்த ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து என் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

6

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாலையோரத்தில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. காலை எட்டு மணிக்கு வலி எடுத்தது. ஜனனியை யாழ்ப்பாணத்து அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அறைக்குள் போனதும் செல்வி திரும்பிக் கதவைத் தாழிட்டாள். உள்ளே ரூத், இன்னொரு மருத்துவச்சி, நான். அவ்வளவுதான்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பிரசவங்கள் பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. செல்வி நடந்தாள். வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். ஏறினாள். முட்டி போட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைப் படு என்று சொல்லவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வரும் ஒவ்வொரு முறையும் ரூத் முதலில் செல்வியின் முகத்துக்கு நேரே குனிந்து, இப்போது கை வைக்கட்டுமா என்று கேட்டார். முதலில் சில தடவை செல்விக்கு அது கேள்வி என்றே புரியவில்லை. பிறகு தலையசைத்தாள். மதியம் ஒரு பெரிய வலிக்கு நடுவே ரூத் கேட்டபோது, “நோ” என்றாள்.

ரூத் கையை எடுத்துக்கொண்டார். வலி கடந்து போகும்வரை காத்திருந்து, மறுபடியும் கேட்டார். இந்த முறை சரி என்றாள்.

வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லி ஒரு கை பின்வாங்கியதை அதுவரை நான் எந்தப் பிரசவ அறையிலும் பார்த்ததில்லை. என் வண்டியிலும் பார்த்ததில்லை.

அப்புறம் அவள் கத்தினாள். மெதுவாக ஆரம்பித்து, கட்டடமே அதிரும்படி கத்தினாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள், மாரியாத்தாவைக் கூப்பிட்டாள், என்னையும் என் பரம்பரையையும் புள்ளலூர்த் தமிழில் திட்டித் தீர்த்தாள். என்ன சொல்கிறாள் என்று ரூத் கேட்டார். என்னைத் திட்டுகிறாள் என்றேன். நல்லது, நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவள் நிறுத்தவில்லை.

இரண்டரை மணிக்கு இனியன் பிறந்தான். செல்வி தன் கையாலேயே அவனைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அழுதான். நான் அழுதேன்.

அதற்குள் அது தொடங்கிவிட்டது. நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைத்தேன். விரிப்பில் சிவப்பு, இருக்க வேண்டியதைவிட அதிகம், வேகம் அதிகம். என் கால்கள் தாமாக முன்னால் நகர்ந்தன. கைகள் எதையோ தேடின. ஆனால் ரூத் எனக்கு முன்பே பார்த்திருந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. செல்வி, ரத்தம் கொஞ்சம் அதிகமாக வருகிறது, தொடையில் ஊசி போடுகிறேன், வயிற்றை அழுத்துவேன், வலிக்கும், மன்னித்துக்கொள் என்று எளிய ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதே ஊசி ஏறிவிட்டது. இன்னொருவர் இரண்டாவது மருந்தை எடுத்துக்கொண்டே போனைக் கையருகில் இழுத்து வைத்தார். ரூத் என்னைப் பார்த்து, அவளுடைய தலைமாட்டுக்குப் போங்கள், உங்கள் வேலை அங்கே என்றார்.

போனேன். செல்வி என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. எனக்குத் தெரிந்த அந்தக் கடிகாரம் என் தலைக்குள் ஓடிற்று. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. ரூத்தின் தோள்கள் அழுத்தி அழுத்தி அசைந்தன. நான்காவது நிமிடத்தில் அவர் தோள் தளர்ந்தது. கருப்பை இறுகிவிட்டது, ரத்தம் நின்றுவருகிறது என்று செல்வியிடம் சொன்னார். பிறகுதான் என்னிடம் சொன்னார்.

நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு மருத்துவச்சி எனக்கு ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். செல்வி மேலிருந்து என்னை எட்டிப் பார்த்து, “இன்னாங்க, பெத்தது நானு, நீங்க வுயுந்து கெடக்கறீங்க” என்றாள்.

7

அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாளே ரூத் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வந்தார். இனியனைத் துணித் தொட்டிலில் இட்டு, கையில் பிடிக்கும் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, கத்திரிக்காய் நிறுப்பது மாதிரி நிறுக்கிறார்களே என்று பதறினார். பிறகு செல்வி நன்றாக உட்கார்ந்து பூண்டுக் குழம்பு சாப்பிடுவதைப் பார்த்து அவருக்கு மனம் இறங்கிவிட்டது.

“அந்தம்மா காலத் தொட்டுக் கும்புட்டேன்னு சொல்லு நைனா” என்றார்.

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அம்மா வணக்கம் சொல்கிறார் என்றேன். என் மொழிபெயர்ப்பு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ஆறாவது வாரம் கடைசிப் பரிசோதனை. அதோடு ரூத்தின் பொறுப்பு முடிகிறது. செல்வியையும் குழந்தையையும் பார்த்து முடித்து, கோப்பை மூடிவிட்டு, ரூத் என் பக்கம் திரும்பினார். உங்களுக்கு எப்படி இருந்தது என்றார்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது. பழையசீவரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னேன். தலைப்பிரசவம், இருபது வயது இருக்கும். கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு அது அன்றைக்கு மூன்றாவது ஓட்டம், தலைவலி. கத்தாதே, நீ கத்தினால் குழந்தைக்கு மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று அதட்டினேன். அது பொய். அவள் அடங்கிவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். காஞ்சிபுரம் வரை ஒரு சத்தம் இல்லை. சமர்த்தாக வந்தாள் என்று ஓட்டுநரிடம் சொல்லிச் சிரித்தேன். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்து, தெரியாம கத்திட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க என்றாள். பரவாயில்லை என்று நானும் மன்னித்துவிட்டேன்.

இதை ரூத்திடம் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். செல்வி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

ரூத் எனக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தானும் ஆரம்ப காலத்தில் அவசரத்தில் கேட்காமல் தொட்ட பெண்கள் உண்டு என்றார். அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன், அவர்களுக்கு அது தெரியாது என்றார்.  நாங்கள் கிளம்பும்போது செல்வியைக் கட்டிக்கொண்டார். கையை விரிப்பதற்கு முன் அதையும் கேட்டுவிட்டுத்தான்.

வெளியே ஏப்ரல் வெயில். பஸ்ஸில் எங்களுக்கு எதிரெதிர் இருக்கை கிடைத்தது. செல்வி மடியில் இனியன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அவள் பேசினாள்.

“நானும் கேட்டேங்க.”

எனக்குப் புரியவில்லை.

“மன்னிப்பு. ஜனனி பொறந்தப்ப. தையல் போட்டு முடிச்சதும் அந்த நர்சு கையப் புடிச்சிக்கினு, கத்திட்டேன், மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொன்னேன். அன்னிக்கி ரூத்தம்மாகிட்ட இத மட்டும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துது.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.  கடைசியில் மனதில் வந்ததைக் கேட்டேன்.

“இந்தத் தபா அவ்ளோ கத்துனியே. ரூத்துகிட்ட மன்னிப்பு கேட்டியா?”

செல்வி திரும்பினாள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே இப்போதுதான் நினைவுக்கு வந்தவள் போல யோசித்தாள்.

“இல்லியே” என்றாள். “எதுக்குக் கேக்கணும்?”